லேத்தில் போட்ட குறி

எல்லாவற்றிலும் குறி போட்டாயிற்றா தம்பி? ஆயிற்றென்றால் வந்து உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் செங்கல். இதில் உட்காருங்கள். எங்கள் மச்சான் வர இன்னும் நேரம் ஆகும். ‘கணபதி சிக்னலில் நிற்கிறேன்’ என்று அவர் போனில் சொன்னால் இன்னும் குளிக்கப் போகவில்லை என்று அர்த்தம். அவர் வராமல் விலை பேச முடியாது. ஷெட் அவருடையது, மிஷின்கள் என்னுடையவை, பேச்சு மட்டும் முழுக்க அவருடையது. அக்காவைக் கட்டியவர், என்ன செய்ய?

நீங்கள் குறி போடுவதை இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமான கை. எல்லா மிஷினிலும் ஒரே இடம், ஒரே உயரம், கிறுக்கல் இல்லை. அம்பத்தூரில் உங்கள் பழைய மிஷின் கம்பெனியில் நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாதா? நானும் இந்த வேலை பார்த்தவன். சிரிக்காதீர்கள். அமெரிக்காவில், ஒஹாயோவில், ஒரு தொழிற்சாலை முழுவதுக்கும் சாக்பீஸ் பிடித்தவன் நான்.

ஒரே ஒரு சந்தேகம். மற்றதெல்லாம் எண். அந்தக் கடைசியில் நிற்கிற பச்சை லேத்துக்கு மட்டும் ஏன் பெருக்கல் குறி?

ஓ. எடைக்கு. பழைய இரும்பாக.

ஓடுகிற மிஷினை எடைக்குக் கேட்கிறீர்கள். சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. மச்சானுக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது. சாயங்காலத்துக்குள் எல்லாம் லாரி ஏறினால் போதும் அவருக்கு. அடுத்த வாரம் இந்த ஷெட் ஏதோ ஆன்லைன் கம்பெனிக்கு கோடவுன். செருப்பும் சீப்பும் அட்டைப்பெட்டியில் வந்து அடுக்கப் போகிறார்கள். நடக்கட்டும். அந்த லேத் போகக் கூடாது என்று எனக்கொன்றும் இல்லை. எடைக்குப் போகக் கூடாது என்கிறேன். அவ்வளவுதான். அதற்காக நான் அந்த டேல் மாதிரி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள்.

டேல் யாரென்று சொல்லவில்லையே. அவன்தான் அந்த லேத்தை ஓட்டியவன். இங்கே இல்லை, அங்கே. அந்த லேத் அங்கிருந்து வந்தது.

சொல்கிறேன், கேளுங்கள். நான் படிக்கப் போய், படித்து முடித்து, வேலைக்குச் சேர்ந்தது ஒஹாயோவில் ஒரு சின்ன ஊர். ஓர் ஆறு, ஏழெட்டு சர்ச், நடுவில் தண்ணீர்க் குழாய்க்கு வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலை. ஊரே அந்தத் தொழிற்சாலையின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றது. என் பெயர் மருதாசலம். அவர்கள் வாயில் அது மார்ட்டி ஆகிவிட்டது. மருதமலையான் மன்னிக்க வேண்டும்.

டேல் என் பக்கத்து வீடு. அவன் தாத்தா அந்த ஃபேக்டரி கேட்டில் நுழைந்தவர், அப்பன் அதே கேட், இவனும் அதே கேட். இதை ஏதோ ராஜவம்சம் மாதிரி சொல்லுவான். நம் பக்கம் மூன்று தலைமுறையாக ஒரே கம்பெனியில் டர்னர் என்று சொல்லிப் பாருங்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். அவனுக்கோ சொந்த வீடு, டிரக்கு, அதற்குப் பின்னால் இழுத்துப் போக ஒரு படகு. படகு தம்பி! பின்னக் கணக்குக்கு என்னிடம் கால்குலேட்டர் கேட்கிறவனுக்குப் படகு. யூனியன் வாங்கிக் கொடுத்த படகு என்று அவனே பெருமையாகச் சொல்லுவான். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நிலைக்காது என்று.

பேச்சுத் துணைக்கு நல்லவன்தான். பனிக் காலத்தில் அவன் வீட்டு வாசல் பனியைத் தள்ளும்போது என் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவான். கேட்காமலே செய்வான். அந்த ஊர்க்காரர்களுக்கு நேரம் நிறைய.

அப்புறம் அந்த வருடம் வந்தது. அங்கே வங்கிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்த வருடம். அதே வருடம் அதிபர் தேர்தல். அதே வருடம்தான் கம்பெனியும் அறிவித்தது: ஒஹாயோவில் மூடுகிறோம், பாதி வேலை மெக்ஸிகோவுக்கு, மீதி இந்தியாவுக்கு என்று. இந்தியா என்றால் நம் கோயம்புத்தூர்தான், வேறெங்கே.

தேர்தல் என்றதும் ஞாபகம் வருகிறது, இதைக் கேளுங்கள். அங்கே சுவர் விளம்பரம் கிடையாது. வீட்டு முன்னால் புல்வெளி இருக்கிறதல்லவா, அதில் ஆளாளுக்குத் தன் கட்சி வேட்பாளர் பெயர் எழுதிய சின்னப் பலகையைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். டேல் பரம்பரை யூனியன்காரன், யூனியன் எந்தக் கட்சியோ அந்தக் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிறேன், என் புல்வெளியிலும் ஒரு பலகை. அவன்தான் குத்தியிருக்கிறான். “உன்னுதுலயும் ஒண்ணு வச்சுட்டேன் மார்ட்டி, பரவால்ல தானே?” என்றான். எனக்கென்ன, அன்று எனக்கு ஓட்டே கிடையாது. இருக்கட்டும் என்றேன். மத்தியானம் எங்கள் மேனேஜர் கிரெக்கின் மனைவி காரில் வந்தாள், எதிர்க் கட்சிப் பலகையோடு. மேனேஜர் மனைவி கேட்டு எப்படி மறுப்பது? அதையும் பக்கத்தில் குத்தச் சொன்னேன்.

நம் ஊரில் எப்படி? மளிகைக் கடைக்காரர் கிழக்குச் சுவரை ஒரு கட்சிக்கும் மேற்குச் சுவரை இன்னொரு கட்சிக்கும் விடுகிறார். யாராவது கோபித்துக்கொள்கிறார்களா? அதுதானே பண்பாடு. நானும் அந்த நினைப்பில், இரண்டையும் ஒரே நேர்க்கோட்டில், ஒரே உயரத்தில் சரிசெய்து வைத்துவிட்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் டேலின் மனைவி கான்னி வேலி ஓரம் நின்று, ஏதோ என் வீட்டில் கேதம் மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: “மார்ட்டி, நீ நிசமா யாரு பக்கம்?”

“ரெண்டு பேருமே நல்லவங்கதானே கான்னி” என்றேன்.

மறுநாள் டேல் வந்தான். அவன் பலகையைப் பிடுங்கி, கம்பியில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் பேன்ட்டில் துடைத்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கு அடுத்த நாள் மேனேஜர் மனைவி அவள் பலகையையும் எடுத்துப் போய்விட்டாள். தெரு முழுக்கப் பலகை, என் புல்வெளி மட்டும் மொட்டை. உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுக்கிறவர்கள் தம்பி! இரண்டு பலகை பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைத் தாங்க முடியாதவர்கள்.

டீ குடிப்பீர்களா? சொல்லியிருக்கிறேன், பேக்கரியிலிருந்து வரும்.

ஒரு நிமிடம், நான் இப்படி எழுந்து நின்றே பேசுகிறேன். எனக்கு முதுகு சரியில்லை. இந்த லேத்தில் சாய்ந்துகொண்டால் சுகமாக இருக்கும். உங்களுக்குத் தொந்தரவு இல்லையே? நல்ல கனம், ஆளைத் தாங்கும். இந்தப் பச்சை, மச்சான் அடித்தது. முதலில் இது சாம்பல் நிறம். அவருக்கு மிஷின் என்றால் பச்சையாக இருக்க வேண்டும். எங்கிருந்தோ மலிவான பெயிண்ட் வாங்கி வந்து, பழைய எண்ணெயைக்கூடத் துடைக்காமல் அடித்தார். விரல் பட்டாலே உதிர்கிறது, பாருங்கள்.

எங்கே விட்டேன்? ஆமாம், சாக்பீஸ். மூடுகிறோம் என்று அறிவித்ததும், எது மெக்ஸிகோவுக்கு, எது கோயம்புத்தூருக்கு, எது ஏலத்துக்கு என்று பிரித்துக் குறி போடும் வேலையை கிரெக் என்னிடம் கொடுத்தார். ஏன் எனக்கு? இரண்டு பக்கமும் தெரிந்தவன், உணர்ச்சிவசப்படாதவன். அவர் வாயாலேயே சொன்னார்: “மார்ட்டிக்குத்தான் இதுல ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.” எவ்வளவு பெரிய பாராட்டு பாருங்கள்.

நானும் டேலுக்கு வேலி ஓரத்தில் நின்று எடுத்துச் சொன்னேன். பலகை விவகாரத்துக்குப் பிறகும் நான் பேசாமல் இருந்ததில்லை, அவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். “இதுல கோபப்பட ஒண்ணுமில்ல டேல். எங்க சல்லிசா செய்ய முடியுமோ வேலை அங்க போகும். தண்ணி பள்ளத்தப் பாத்துத்தான் ஓடும். அதைத் திட்டி என்ன பிரயோஜனம்?” என்றேன். பொருளாதாரத்தின் அரிச்சுவடி. அவன் புல் வெட்டும் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான்: “அப்ப நாங்க மேட்டுல இருக்கோம்கிறயா மார்ட்டி?” பார்த்தீர்களா, உவமைகூடப் புரியாது.

அவன் லேத் ஏல வரிசை. பழசு, அங்குலக் கணக்கு, கம்ப்யூட்டர் கிடையாது. நான் பெருக்கல் குறி போட்டேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் குறி இல்லை. மறுபடி போட்டேன். மறுநாள் மறுபடி இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

“எந்தக் குறி?” என்கிறான்.

“சாக்பீஸ் குறி டேல். நேத்து போட்டது.”

“அப்படியா? கை பட்டிருக்கும்.”

“முந்தாநாள் போட்டதுலயும் கை பட்டுதா?”

“வேலை செய்யற மிஷின் மார்ட்டி. கை படத்தான் செய்யும்.”

பின்னால் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மனுஷன், ஒரு சாக்பீஸ் கோட்டை அழித்தால் தொழிற்சாலை நின்றுவிடுமா? இந்தக் குழந்தைத்தனத்தைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. உலகம் மாறிவிட்டது, நீயும் மாறு. அதை விட்டுவிட்டு, துணியை எடுத்து மிஷினைத் துடைத்துக்கொண்டு நிற்பதா?

நான் வாக்குவாதம் பண்ணவில்லை. ஸ்டோருக்குப் போய், தரையில் கோடு போட வைத்திருந்த மஞ்சள் பெயிண்டை எடுத்து வந்து, அவன் எதிரிலேயே போட்டேன். பிரஷ்ஷை வைத்து இந்தப் பக்கம் ஓர் இழுப்பு, அந்தப் பக்கம் ஓர் இழுப்பு. அவன் மோட்டாரை நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றினான். “சரி மார்ட்டி” என்றான், அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. அப்புறம் கடைசி நாள் வரை என்னிடம் பேசவில்லை. அந்தக் குளிர் காலத்தில் என் வாசல் பனியை நானே தள்ளினேன். முதுகு அப்போது போனதுதான்.

சரி, இப்போது நீங்கள் கேட்பீர்கள், அந்த லேத் எப்படி இங்கே வந்தது என்று. கேட்கவில்லையா? கேளுங்கள், நல்ல கதை.

ஏலத்தில் நான்தான் எடுத்தேன். என் பெயரில் இல்லை, மச்சான் கம்பெனி பெயரில். எல்லாம் முறைப்படி. அங்கேயும் இதை எடைக்குத்தான் போட்டார்கள். எனக்குத் தெரியும் எது நல்ல மிஷின் என்று. டேல் ஒருவன்தான் தினமும் வேலை முடிந்த பிறகும் நின்று எண்ணெய் போட்டு மூடிவிட்டுப் போகிறவன். அப்படி வைத்திருந்த மிஷினைப் பழைய இரும்பு விலைக்கு விட்டால் யார் எடுக்க மாட்டார்கள்? புத்திசாலித்தனம் என்பது அதுதானே. அதையும் இதையும் ஒப்பிடாதீர்கள் தம்பி, நீங்கள் எடைக்குக் கேட்பது வேறு. நான் ஓட்டுவதற்காக எடுத்தேன். நீங்கள் உடைப்பதற்காக எடுக்கிறீர்கள்.

கடைசி நாள், லாரியில் ஏற்றும்போது டேல் பார்க்கிங்கில் நின்றான். நேராக என்னிடம் வந்தான். “யாரு எடுத்தது?” என்று கேட்டான்.

“வெளிநாட்டுப் பார்ட்டி” என்றேன்.

பொய்யா அது? நான் வெளிநாட்டான்தானே.

“ஓட்டுவாங்களா, உடைப்பாங்களா?”

“ஓட்டுவாங்க.”

தலையை ஆட்டிக்கொண்டு டிரக்கில் ஏறிப் போய்விட்டான். கான்னி சொன்னாள், அன்றைக்கு அவன் வீட்டுக்குள் நுழையாமல், படகை மட்டும் டிரக்கில் மாட்டிக்கொண்டு நேராக ஏரிக்குப் போய், படகைத் தண்ணீரில்கூட இறக்காமல் அதில் உட்கார்ந்திருந்தானாம். படகும் கொஞ்ச நாளில் விலைக்குப் போய்விட்டது. நான் சொல்லவில்லை, நிலைக்காது என்று?

நான் என்ன, அவர்களோடு மூழ்க முடியுமா? பக்கத்து நகரத்தில் வேறு வேலை தேடிக்கொண்டேன். வீட்டை மட்டும் மாற்றவில்லை. அந்த ஊர் எப்படித் தேய்ந்தது என்று என் கண்ணால் பார்த்தேன். முதலில் ஃபேக்டரி எதிரில் இருந்த ஹோட்டலை மூடினார்கள். அப்புறம் சாமான் கடை. அப்புறம் பள்ளிக்கூடங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். அந்தத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் இப்போது என்ன தெரியுமா? வீட்டில் இடம் இல்லாதவர்கள் வேண்டாத சாமான்களை வாடகைக்குப் போட்டு வைக்கும் இடம். தடுப்புத் தடுப்பாக இரும்புக் கதவு. வால்வு செய்த ஊர் பழைய சோபாவுக்குக் காவல் இருக்கிறது.

டேல் ஒரு பெரிய கடையில் வாசலில் நின்று, சாமான் வாங்கி வெளியே வருகிறவர்களின் ரசீதைப் பார்த்துக் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். நான் அந்தக் கடைக்குப் போனால் வேறு வாசல் வழியாக வருவேன். அவனுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதல்லவா.

அப்புறம், உங்களுக்கே தெரியும், அந்தத் தேர்தல் வந்தது. பேர் சொல்ல வேண்டாம், உலகத்துக்கே தெரிந்த ஆள். ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், டேல் வீட்டுப் புல்வெளியில் அவர் பெயர். சின்னப் பலகை இல்லை தம்பி, கதவளவு. பக்கத்தில் கொடி வேறு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வேலி ஓரம் போய், “என்ன டேல், உங்க தாத்தா கட்சிய விட்டுட்டியா?” என்றேன்.

எத்தனையோ வருடம் கழித்துப் பேசினான். “எங்க தாத்தா கட்சிதான மார்ட்டி எங்க தாத்தா வேலைய மெக்ஸிகோவுக்கு அனுப்பற ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுது.”

“எதிர்க் கட்சிக்காரங்களும் சேந்துதானே போட்டாங்க?”

“அதான் ரெண்டுலயும் சேராத ஆளாப் பாத்துப் போடறேன். எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாரேங்கறார். வேலை, மிஷின், எல்லாம்.”

மிஷின் திரும்ப வருமாம்! எனக்குத் தெரியுமே அவன் மிஷின் எங்கே இருக்கிறதென்று. இதோ, சின்னவேடம்பட்டியில், இந்த ஷெட்டில், இரண்டு ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமி என்று ஒரு டர்னர் ஓட்டினான். ‘அமெரிக்காக்காரன்’ என்று அதற்குப் பெயர் வைத்து, ஆயுத பூஜைக்கு அதற்கு மட்டும் பெரிய மாலை போடுவான். நான் டேலிடம் அதைச் சொல்லவில்லை. “வந்தா நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோபத்தில் ஓட்டுப் போடுகிறவனிடம் என்ன பேசுவது? யோசித்துப் போட வேண்டும் ஓட்டு என்பதை.

என்ன கேட்டீர்கள்? நான் யாருக்குப் போட்டேனா?

ஓட்டு என்பது ரகசியம் தம்பி. அதைக் கேட்கக் கூடாது. இதோ டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு இங்கே திரும்பி வந்துவிட்டேன். அப்பாவுக்கு முடியவில்லை. எனக்கும் போதுமென்று இருந்தது. கையிலிருந்ததையெல்லாம் இதில் போட்டு மிஷின்கள் வாங்கி, மச்சானோடு சேர்ந்து அமெரிக்காவுக்கு வால்வு பாகங்கள் அனுப்ப ஆரம்பித்தேன். ஆமாம், அதே வால்வு. வாங்குகிறவர்களும் கிட்டத்தட்ட அதே ஆட்கள். அவர்கள் மொழி எனக்குத் தெரியும், நம் கூலி எனக்குத் தெரியும். எப்படி ஓடியது தெரியுமா! இந்த வாசலில் கன்டெய்னர் திரும்ப இடமில்லாமல், எதிர் ஷெட்காரர் சண்டைக்கே வந்தார்.

ஓட்டுரிமை மட்டும் அங்கேதான். நான் அமெரிக்கப் பிரஜை. தபாலில் போடலாம், சட்டம் இருக்கிறது. போன தடவை இதே மேஜையில் உட்கார்ந்து, உறையை ஒட்டி, கூரியரில் அனுப்பினேன். டேல் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இல்லை. படித்தேன். இரண்டு பேர் சொன்னதையும் படித்தேன். ஒருவர் வருமான வரியைக் குறைப்பேன் என்றார். முறையில்லாமல் உள்ளே வந்தவர்களை வெளியே அனுப்புவேன் என்றார். நியாயம்தானே? நான் எத்தனை வருடம் வரிசையில் நின்றேன்! இறக்குமதிக்குச் சுங்க வரி போடுவேன் என்றும் சொன்னார்தான். மறைக்கவில்லை, மேடைக்கு மேடை சொன்னார். ஆனால் அது சைனாவுக்கு என்றல்லவா எல்லோரும் புரிந்துகொண்டோம்? சைனாவுக்குப் போட்டால் நமக்கு ஆர்டர் கூடும். மச்சானிடம்கூடச் சொன்னேன், இன்னொரு ஷெட் பார்த்து வையுங்கள் என்று. நமக்கும் போடுவார் என்று யார் கண்டது? நாம் என்ன சைனாவா? நாம் வேறு, அவர்கள் வேறு என்று அவருக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

என்ன சிரிக்கிறீர்கள்? டீ சூடாக இருக்கிறதா?

டேலும் அவருக்குத்தான் போட்டான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. அவன் கோபத்தில் போட்டான், நான் கணக்குப் பார்த்துப் போட்டேன். பெட்டியில் விழுந்த பிறகு எல்லாம் ஒரே சீட்டுதான், அது வேறு விஷயம்.

வரி ஏறியதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். நான்கு வரி. தற்காலிகமாக நிறுத்துகிறோம், உங்கள் உழைப்புக்கு நன்றி, வேறு நாட்டில் செய்து பார்க்கிறோம், வாழ்த்துகள். இத்தனை வருட உறவுக்கு ஒரு போன் இல்லை. ஒரு மனிதரை நேரில் அனுப்பவில்லை. இப்படியா செய்வார்கள்? கொஞ்சமாவது ஈரம் வேண்டாமா?

நான் சும்மா இருந்துவிடவில்லை. நம் தொழிற்சங்கக் கூட்டத்தில், தொழிலாளர் சங்கம் இல்லை, முதலாளிகள் சங்கம், எழுந்து நின்று பேசினேன். அரசாங்கம் தலையிட வேண்டும், எங்களைக் கைவிடக் கூடாது, இந்த ஊரைக் கட்டியதே இந்தச் சின்னச் சின்னப் பட்டறைகள்தான் என்று. கை தட்டினார்கள். டேல் மாதிரி புலம்பவில்லை, புள்ளிவிவரத்தோடு பேசினேன்.

வீட்டுக்கு வந்தால் மச்சான் சொல்கிறார்: “என்ன மாப்ளே, மேடைல அழுதியாமா? தண்ணி பள்ளத்தப் பாத்துத்தான் ஓடும்னு நீதான சொல்லுவ? ஓடிப்போச்சு. கெரகம், வித்துப்போட்டு சோலியப் பாரு.”

பொருளாதாரம் தெரியாதவரிடம் என்ன விளக்குவது? நான் சொன்னது பொதுவான விதி. இது அநியாயம்.

ஆறுச்சாமியா? அவனுக்கென்ன, ஒரு மாலில் வாட்ச்மேன். நீலச் சட்டை, தோளில் பட்டை, நல்ல தோரணை. போன வாரம் எங்கள் அக்காவோடு போனபோது தூரத்திலிருந்து பார்த்தேன். வருகிறவர்கள் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் கார் நிறுத்தும் இடத்து வழியாக மேலே போய்விட்டோம். அவனுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதல்லவா. கடைசி நாளன்று அவன்கூட ஒரு சத்தம் போடவில்லை. இந்த லேத்துக்கு எண்ணெய் போட்டு, சாக்கால் மூடிவிட்டுப் போனான். நம் ஆட்களுக்கு இருக்கிற பக்குவம் அவர்களுக்கு வராது.

இருங்கள், கார் சத்தம் கேட்கிறது. மச்சான்தான். பரவாயில்லை, குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? சரி பார்த்துவிடுங்கள், அவர் வருவதற்குள் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். நான் நகர வேண்டுமா? இதோ.

குறியா? எந்தக் குறி?

ஓ, அந்தப் பெருக்கல் குறியா? இங்கேதானே போட்டிருந்தீர்கள்? ஆமாம், இல்லைதான். சாய்ந்து நின்றேன் அல்லவா, கை பட்டிருக்கும். சட்டையில் வெள்ளையா? எங்கே? இது சுண்ணாம்பு, சுவரில் பட்டது. உள்ளங்கையிலா? அதுவும் சுவர்தான்.

மறுபடி போடுங்கள் தம்பி, தாராளமாகப் போடுங்கள். சாக்பீஸ் உங்களுடையது, நான் எதற்குத் தடுக்கப் போகிறேன்? வேலை செய்த மிஷின், கை படத்தான் செய்யும்.

ஏன் குனிந்து பார்க்கிறீர்கள்? அடியில் இன்னொரு குறி தெரிகிறதா? மஞ்சளா? பெயிண்ட் உதிர்ந்த இடத்திலா? நான் எங்கே சுரண்டினேன், அது மட்டமான பெயிண்ட் என்று முதலிலேயே சொன்னேனே.

தேய்க்காதீர்கள். அது போகாது தம்பி. அது நான் போட்டது.